போனுக்குள் ஊர்: யாழ்ப்பாணத்தில் சமூக ஊடகமும் அரசியல் கருத்தும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் முகநூல், வட்ஸ்அப், யூடியூப், டிக்டொக் பற்றிப் பேச்சு எடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் ஏ.எல். படிக்கும் பிள்ளைகள், கம்பஸ் பெடியள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அப்புறம் "இவன் என்னத்தை எழுதி எங்க மாட்டுப்படப் போறானோ" என்று பயப்படும் அம்மாமார். சிலதுக்கு நீண்ட பதில் வேண்டும். சிலதுக்கு நாலு வரி போதும்.

முகநூல் எனக்குப் பிடித்ததை மட்டும்தான் காட்டுகிறதாமே?

பாதி உண்மை. நீங்கள் எதில் நிற்பீர்கள், எதை அமத்துவீர்கள், எதுக்குக் கொமென்ட் போடுவீர்கள் என்று கணித்து அதை மேலே கொண்டுவருவதுதான் அதன் வேலை. பிடித்ததில் மட்டுமா மனுசன் நிற்கிறான்? கோபம் வந்தால் இன்னும் அதிக நேரம் நிற்கிறான். 2016இல் லைக்குக்குப் பக்கத்தில் கோப முகமும் சிரிப்பு முகமும் வந்தன. 2017இல் அந்த முகங்கள் ஒவ்வொன்றுக்கும் லைக்கை விட ஐந்து மடங்கு எடை கொடுத்தது அந்த நிறுவனம். கோபத்தை மூட்டும் பதிவுகளில் பொய்யும் வசையும் கூடுதலாக இருக்கின்றன என்று அதன் ஆட்களே கண்டுபிடித்த பிறகு எடையைக் குறைத்துக் குறைத்து 2020இல் கோப முகத்துக்குச் சுழியமாக்கினார்கள். அந்த மூன்று வருடத்தில் எங்கள் ஊரில் எத்தனை சண்டைக்கு அந்த ஐந்து மடங்கு எண்ணெய் ஊற்றியதோ யாருக்குத் தெரியும்.

எல்லாப் பழியையும் கணினி மேல் போடவும் முடியாது. 2015இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் பயனர்களின் தரவை வைத்துச் செய்த ஆய்வு, எதிர்த்தரப்புச் செய்தி கண்ணில் படாமல் போவதற்கு முகநூலின் வரிசைப்படுத்தலை விட, யாரை நண்பராக வைத்திருக்கிறோம், எதைத் திறந்து பார்க்கிறோம் என்பவை பெரிய காரணம் என்றது. அதைச் செய்தவர்கள் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள்தான், ஆகவே கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். ஆனால் 2020 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் மூன்று மாதம் சிலருக்கு எந்தக் கணிப்பும் இல்லாமல் நேர வரிசையில் மட்டும் பதிவுகளைக் காட்டிப் பார்த்தபோதும் அவர்களுடைய அரசியல் பிளவு சொல்லத்தக்க அளவில் மாறவில்லை. அந்த முடிவுகள் 2023இல் வெளிவந்தன.

அப்படியென்றால் மாற்றுக் கருத்து எங்களுக்கு வருகிறதுதானே, பிறகென்ன?

வருகிறது. எந்தக் கோலத்தில் வருகிறது என்று பாருங்கள்.

வீட்டுக்குப் (தமிழரசுக் கட்சியின் சின்னம்) புள்ளடி போடும் ஒருவருக்குச் சைக்கிள்காரரின் (தமிழ்க் காங்கிரஸ்) நிலைப்பாடு எப்படிப் போய்ச் சேருகிறது? ஒரு மணி நேரப் பேச்சில் இருபது வினாடி வெட்டி, பின்னால் வடிவேலு சிரிப்பை ஓட்டி, மேலே சிவப்பு எழுத்தில் "இவரின் பித்தலாட்டம் அம்பலம்" என்று போட்டு வருகிறது. சைக்கிள்காரருக்கு வீட்டின் கதையும் அப்படியேதான் போகிறது. திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) வாக்குப் போட்ட பெடியனின் பதிவு ஸ்கிரீன்ஷொட்டாக, பெயரில் சிவப்பு வட்டம் சுற்றி, "இந்த எலும்புத்துண்டைப் பாருங்கள்" என்ற அடைமொழியோடு நாலு குரூப்புக்குப் போகிறது. அவன் எழுதியதன் இரண்டாவது பந்தி, அதாவது காரணம் சொன்ன பந்தி, ஸ்கிரீன்ஷொட்டில் இல்லை.

எதிர்க்கருத்தைச் சும்மா அள்ளிக் கொட்டினால் மனம் விரியும் என்பதும் நிச்சயமில்லை. 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் டுவிட்டர் பயனர்களை ஒரு மாதம் எதிரணிச் செய்திகளைப் பின்தொடர வைத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர் முன்பை விட இறுகிப் போனார்கள். ஜனநாயகக் கட்சிக்காரரிடம் பெரிய மாற்றம் இல்லை.

சிங்களச் சனம் என்ன நினைக்கிறது என்பது முகநூலால் தெரிய வந்திருக்கிறதா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் நீளும்.

2009இல் போர் முடிந்த மே 18ஐ எடுங்கள். அன்று உங்கள் போனைத் திறந்தால் சிரட்டையில் முள்ளிவாய்க்கால் கஞ்சி, கடற்கரையில் சுடர், காணாமல் போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்த அம்மாமார். அதே நேரம் மாத்தறையில் ஒருவர் தன் போனைத் திறந்தால் சீருடைப் படங்கள், தேசியக்கொடி, போர் முடிந்த நினைவுநாள் வாழ்த்துகள். ஒரே நாடு, ஒரே நிறுவனத்தின் செயலி, ஒரே நாள். இரண்டு பேரும் மற்றவரின் திரையைக் கண்டதே இல்லை. இதற்கு மொழியே போதும், கணிப்பு எதுவும் தேவையில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிங்களம் வாசிக்க வராது, அங்கே தமிழ் வாசிப்பவர் அதைவிடக் குறைவு. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது, சரி. முகநூலில் அது செல்லாது.

இந்தச் சுவரால் என்ன நடக்கும் என்பதற்கு 2018 அம்பாறை போதும். ஒரு சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஏதோ கட்டி கிடந்தது என்று சிங்கள வாடிக்கையாளர் சத்தம் போட, கூட்டம் கூடிக் கருத்தடை மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டது. கடைக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம், சிங்களம் அரைகுறை. கேள்வி சரியாக விளங்காமல், பயத்தில், ஆம் என்பது போல் ஏதோ சொன்னார். அது படம் பிடிக்கப்பட்டு முகநூலில் ஏறியது. ஆய்வுகூடம் அது வெறும் மாவுக் கட்டி என்றது, ஆனால் அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த மாதம் கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பற்றி எரிந்தபோது அதே வதந்தி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பார்க்க அந்த நிறுவனத்திடம் போதிய ஆட்கள் இருக்கவில்லை. 2020 மே மாதம் அது மன்னிப்புக் கேட்டது.

மறுபக்கமும் உண்டு. 2022இல் கொழும்புக் காலிமுகத்திடலில் அரசாங்கத்துக்கு எதிரான போராட்டம் நடந்தபோது, மே 18 அன்று அங்கேயே விளக்கேற்றிக் கஞ்சி பரிமாறினார்கள், சிங்கள இளைஞர்கள் உட்பட. அந்தப் படம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது "இப்பத்தான் கண் திறந்ததோ" என்று எழுதியவர்களும் இருந்தார்கள், பேசாமல் ஷெயர் பண்ணியவர்களும் இருந்தார்கள். எப்படியோ, ஒரு நாளாவது அடுத்த திரை தெரிந்தது.

எங்கள் ஊரில் மாற்றுக் கருத்து என்றாலே ஏன் துரோகி என்று முடிகிறது?

இது முகநூல் கண்டுபிடித்த பழக்கம் இல்லை. 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ராஜனி திரணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவம், இந்தியப் படை, இயக்கங்கள் என எல்லாத் தரப்பின் மீறல்களையும் பதிந்தவர். "கதைச்சால் இதுதான்" என்று ஒரு தலைமுறை படித்த பாடம் இப்படித்தான் வந்தது. மற்றப் பக்கத்தில் அரச தரப்பின் பயம்: 1981இல் எரிக்கப்பட்ட யாழ். நூலகம், 2006இல் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இறந்த இரண்டு ஊழியர்கள். இரண்டு பக்கத்தாலும் வாய் கட்டப்பட்ட ஊர், போனில் எழுத வந்ததும் நாகரிகமாக வாதாடும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

ஆனால் அதே ஊர் 90களில் மின்சாரம் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடல் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. புலிகளின் குரல் ஒன்று சொல்லும், கொழும்பு வானொலி ஒன்று சொல்லும், பிபிசி தமிழோசை இன்னொன்று சொல்லும். மூன்றையும் கேட்டு, எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்து, "இப்பிடித்தான் நடந்திருக்கும்" என்று முடிவெடுக்கும் பெரியவர் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார். அவருடைய பேரப்பிள்ளைக்கு ஐந்நூறு சனல் இருக்கிறது, ஒன்றை மட்டும் கேட்கிறது.

எழுதவே பயமாயிருக்கிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. தன் கருத்து சிறுபான்மை என்று தோன்றினால் ஆள் அடங்கிப் போவான், அவன் அடங்கியதைப் பார்த்து அடுத்தவனும் அடங்குவான் என்று ஜெர்மானிய ஆய்வாளர் நோயல் நொய்மன் 1974இலேயே எழுதினார். இணையம் இதைத் தீர்க்கும் என்று பலர் நம்பினார்கள். அமெரிக்க அரசின் இரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடனின் விவகாரத்தை வைத்து அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கேட்டு 2014இல் வெளியிட்ட முடிவில், நேரில் கதைக்கத் தயார் என்றவர்கள் 86 வீதம், முகநூலிலோ டுவிட்டரிலோ எழுதத் தயார் என்றவர்கள் 42 வீதம்தான்.

அமெரிக்காக்காரனுக்கே அப்படியென்றால் எங்களுக்கு? யாழ்ப்பாணத்தில் ஒரு பதிவை யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாமி பார்க்கிறார். சம்பந்தம் பேச வரும் தரகர் பார்க்கிறார். கோயில் சபைத் தலைவர், பழைய ரியூசன் மாஸ்டர், வேலைக்கு எடுக்கப் போகிறவர், சில வேளை பொலிஸும். நேரில் என்றால் மாமியிடம் ஒரு மாதிரி, நண்பனிடம் ஒரு மாதிரி கதைத்துச் சமாளிக்கலாம். முகநூலில் எல்லோரும் ஒரே பந்தியில் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளை என்ன செய்கிறது? நல்லூர்த் திருவிழாப் படம் போடுகிறது, பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிறது, அரசியலை வட்ஸ்அப்பில் மூன்று பேருடன் மட்டும் கதைக்கிறது. வெளியே தெரிவது சத்தம் போடுகிறவர்களின் யாழ்ப்பாணம். என்னைக் கேட்டால் கலிபோர்னியாவில் எழுதிய கணிப்பை விட இந்தச் சொந்தபந்தப் பார்வைதான் எங்கள் கருத்துச் சுதந்திரத்தைக் கூடுதலாக இறுக்குகிறது.

பெண் பிள்ளைகள் அரசியல் எழுதினால் ஏன் இவ்வளவு மோசமான கொமென்ட்?

கருத்துக்குப் பதில் இல்லாதபோது உடுப்பைப் பற்றி எழுதுவது சுலபம். ஆணுக்குத் துரோகிப் பட்டம் கிடைத்தால் பெண்ணுக்கு அதோடு "வீட்டில வளர்த்த வளர்ப்பு" என்று தாயையும் இழுப்பார்கள். படத்தை வெட்டி ஒட்டிப் பரப்பினால் பதிவை அழிக்க முதல் ஸ்கிரீன்ஷொட், இணைப்பு, திகதி மூன்றையும் எடுத்து வைத்துவிட்டுப் பொலிஸின் கணினிக் குற்றப் பிரிவுக்குப் போகலாம். வீட்டுக்காரர் "போனைப் பறி" என்று முடிவெடுப்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். அடித்தவனை விட்டுவிட்டு அடி வாங்கியவளை வீட்டுக்குள் பூட்டுகிற தீர்ப்பு அது.

பேக் ஐடியில் எழுதலாமா?

எங்கள் வரலாற்றில் புனைபெயருக்குக் குறைவில்லை, பயந்த காலத்தில் அது உயிரைக் காத்தது. ஆனால் பெயர் மறைத்தவர் கருத்துச் சொன்னால் ஒரு கதை, பெயர் மறைத்து மற்றவர் பெயரைக் கெடுத்தால் வேறு கதை. மற்றது, முகநூல் விதிப்படி சொந்தப் பெயர் வேண்டும், முறைப்பாடு போனால் கணக்கு மூடப்படலாம்.

இதில் நன்மையே இல்லையா?

நிறைய உண்டு. முன்பு அச்சில் வராமல் போன கதைகள் வெளியே வருகின்றன. 2018இல் வரணியில் ஒரு கோயில் தேரைச் சனம் வடம் பிடிக்காமல் மண் அகழும் இயந்திரம் இழுத்த காட்சி முகநூலில் வந்தது. எல்லாச் சாதியினரும் வடம் பிடிப்பதைத் தவிர்க்கத்தான் என்ற குற்றச்சாட்டு எழுந்து, வழக்கமாக மூடி மறைக்கப்படும் பேச்சு மாதக்கணக்கில் பகிரங்கமாக நடந்தது. 1990 ஒக்டோபரில் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள் புத்தளத்தில் இருந்து தங்கள் கதையைத் தாங்களே எழுதுகிறார்கள். அதை வாசித்துத்தான் அந்த ஒக்டோபரைப் பற்றி முதன்முதலாக அறிந்ததாகச் சொல்லும் இளையவர்கள் இருக்கிறார்கள்.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புக்கூடுகளோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்று வெளிவந்த படம், அறிக்கை எதுவும் செய்யாததைச் செய்தது. 1998இல் ஓர் இராணுவச் சிப்பாய் நீதிமன்றத்தில் செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டதைப் பற்றிச் சொன்னபோது இப்படிப் படம் பரவ வழி இல்லை.

அப்புறம் பேச்சுமொழி. "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்று கமராவுக்கு முன்னால் வெட்கமில்லாமல் கதைக்கும் பெடியளையும் பிள்ளைகளையும் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. முந்தி மைக் பிடித்தாலே எல்லோரும் சென்னைத் தமிழுக்குப் போய்விடுவார்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் எங்கள் அரசியலைத் தீர்மானிக்கிறார்களா?

தீர்மானிக்கிறார்கள் என்பது கூடுதல். ஆனால் அவர்களுடைய அழுத்தம் இருக்கத்தான் செய்கிறது. இங்கே காலைத் தேத்தண்ணி ஊற்றும்போது ரொறன்ரோவில் இரவுச் சாப்பாடு முடிகிறது. ஊர் குரூப்பைக் காலையில் திறந்தால் ஸ்காபரோவும் லண்டனும் பாரிஸின் லா சப்பலும் இரவிரவாக அடிபட்ட நூறு செய்தி காத்திருக்கும். அவர்களுக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டப் பயம் இல்லை, எழுதிவிட்டுத் தூங்கலாம். அதை இங்கிருந்து ஷெயர் பண்ணுகிறவனுக்குத்தான் நித்திரை இல்லை.

இன்னொரு விசயம் பலர் கவனிப்பதில்லை. யூடியூப் விளம்பரக் காசு பார்வையாளர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. கனடாவிலும் இங்கிலாந்திலும் பார்த்தால் இங்கே பார்ப்பதை விடப் பல மடங்கு கிடைக்கும். ஆகவே யாழ்ப்பாணத்து யூடியூப்காரர் யாருக்காகப் படம் எடுப்பார்? ஊரை விட்டுப் போனவருக்கு எந்த ஊர் வேண்டுமோ அந்த ஊரை எடுப்பார்: பனங்கூடல், கூழ், அல்லது கண்ணீரோடு ஓர் ஏழைக் குடும்பம். உதவி செய்கிறோம் என்று குடிசைக்குள் கமராவோடு போய், அந்தத் தாயைக் கும்பிட வைத்துப் படம் எடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அந்தத் தாய்க்கும் ஓர் அரசியல் கருத்து இருக்கும், அதை ஒருவரும் கேட்பதில்லை.

தேர்தலில் இது எல்லாம் வாக்காக மாறுகிறதா?

2024இல் நடந்ததைச் சொல்லலாம். செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ். மாவட்டத்தில் விழுந்தது சுமார் 27 ஆயிரம் வாக்கு. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய திசைகாட்டிக்கு 80 ஆயிரத்துக்கு மேல், ஆறு ஆசனத்தில் மூன்று. அதே தேர்தலில் வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைப் பிரச்சினையை ஜூலையில் முகநூல் நேரலையில் கொண்டுவந்து பிரபலமானவர், சுயேச்சைக் குழுவில் நின்று ஓர் ஆசனம் எடுத்தார். போன் இல்லாமல் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம். திசைகாட்டியின் ஏற்றத்துக்குப் பழைய கட்சிகள் மேல் இருந்த வெறுப்பும், அவை துண்டு துண்டாகப் பிரிந்து நின்றதும் பெரிய காரணம். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வீடு மறுபடியும் மாவட்டத்தில் முன்னுக்கு வந்தது, லைக் கணக்கு அப்படி ஒன்றும் தலைகீழாக மாறியிருக்கவில்லை.

எழுதினால் பிடிப்பார்களா?

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரம் தருகிறது. நடைமுறையில் மூன்று சட்டங்களைத் தெரிந்து வைத்திருங்கள்: 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், 2007இன் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் (சிவில், அரசியல் உரிமைகளுக்கானது, இன மத வெறுப்பைத் தூண்டுவதையும் தடுக்கிறது), 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2024 நவம்பர் மாவீரர் வாரத்தை ஒட்டியும் முகநூல் பதிவுகளுக்காகச் சிலர் கைதானார்கள். வேடிக்கை என்னவென்றால், வெறுப்பைத் தடுக்க வந்த அந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் வெறுப்புக்கு எதிராக எழுதியவரையே பிடித்திருக்கிறது. 2020இல் முஸ்லிம்களுக்கு எதிரான பிரசாரத்துக்குப் பேனாவால் பதில் சொல்ல வேண்டும் என்று முகநூலில் எழுதிய ரம்சி ராசீக் ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஐந்து மாதம் வரவில்லை.

அரசாங்கம் சமூக ஊடகத்தை மூடினால் வதந்தி நிற்குமா?

2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று மூடிப் பார்த்துவிட்டார்கள். பெடியள் தடையைச் சுற்றிப் போகும் வி.பி.என். செயலி போட்டு உள்ளே போனார்கள். வி.பி.என். தெரியாத அப்பாமாருக்குத்தான் செய்தி கிடைக்கவில்லை.

எதிர்க்கருத்தை உண்மையாகவே அறிய விரும்புகிறேன். என்ன செய்யலாம்?

உங்களுக்குப் பிடிக்காத கட்சியில் பண்பாக எழுதும் ஓர் ஆளைத் தேடிப் பின்தொடருங்கள். சத்தம் போடுகிறவரை வேண்டாம், அவரைக் கணிப்பே கொண்டுவந்து தரும். வெட்டிய துண்டு வந்தால் முழுப் பேச்சைத் தேடிப் பத்து நிமிடமாவது பாருங்கள். சிங்களப் பதிவுக்குக் கீழே மொழிபெயர்ப்பை அமத்துங்கள். தமிழ் தள்ளாடும், ஆனால் ஆள் கோபமாகச் சொல்கிறாரா கவலையாகச் சொல்கிறாரா என்பது விளங்கும்.

ஊரில் சனசமூக நிலையம் இன்னும் திறந்திருந்தால் கிழமைக்கு ஒருக்கால் போங்கள். உதயனும் வலம்புரியும் தினக்குரலும் ஒரே மேசையில் கிடக்கும். பக்கத்தில் இருப்பவர் வாசிக்கும் பத்திரிகையை வாங்கி வாசிக்க வேண்டி வரும், அவரோடு கதைக்கவும் வேண்டி வரும்.

குடும்பக் குரூப்பில் சித்தப்பா பொய்ச் செய்தி போடுகிறார். எப்படிச் சொல்வது?

குரூப்பில் சொல்லாதீர்கள். பத்து மருமக்கள் பார்க்கத் திருத்தினால் அவர் பிழை என்று தெரிந்தும் விடமாட்டார். முதலில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள், பலமுறை கைமாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம், அதுக்குப் பிறகு அந்த வகைச் செய்திகள் 70 வீதம் குறைந்தன என்று வட்ஸ்அப் சொன்னது. சித்தப்பா அந்த மிச்சம் முப்பதில் நிற்கிறார்.

படத்தைக் கூகுளில் போட்டுத் தேடினால் பழைய படமா, வேறு நாட்டுப் படமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு தனியாக ஒரு குரல் செய்தி: "சித்தப்பா, நீங்கள் போட்ட படம் வேற நாட்டில எடுத்தது போல கிடக்கு. ஒருக்கா பாருங்கோவன், சனம் உங்களைக் கேட்கப் போகுது." அவரே அழிப்பார். அழிக்காவிட்டால் சித்திக்குச் சொல்லுங்கள்.